மாமி கட்டிவைத்த மரத்தன்னாசி

நேற்றிலிருந்து மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மருமகன் நான் இருக்கிற பக்கம் திரும்பாமல் போகிறார், வருகிறார். சோறு மட்டும் நேரத்துக்கு மேசையில் மூடிவைத்தபடி இருக்கிறது. எனக்கோ ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. முற்றத்துக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறேன், அது கையில்தான் இருக்கிறது. என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதை முதலில் சொன்னால் "இந்த வயதிலும் இவளுக்கு வாய் அடங்கவில்லையே" என்று நீங்களும் என்னைத்தான் ஏசுவீர்கள். என் வயதுக்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு ஒன்பது வயதாக இருந்த ஒரு மாரிக்காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நாவற்குடாவில் நாங்கள் இருந்த வீடு அம்மாவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடுதான் போகும், மாப்பிள்ளைதான் வந்து சேருவார் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா மண்டூரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவர். வீட்டைச் சுற்றிய வளவு அம்மாவுடையது, கிணறு அம்மாவுடையது. கிணற்றடியில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரம் எல்லாவற்றையும்விட அம்மாவுடையது. அம்மா பிறந்த வருசம் அவளுடைய தகப்பன் வைத்த கன்று அது. முதல் பழத்தை அறுத்தால் முதல் துண்டு அம்மாவின் அண்ணனுக்கு. அப்பா கையைக் கழுவிக்கொண்டு காத்திருப்பார்.

அந்தப் புரட்டாதியில் மாமி வந்தாள். மாமி என்றால் அப்பாவின் அக்கா. மலைநாட்டில் ஒரு பூந்தோட்டத்தில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டு போனவள். அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். தோட்டத்துக் குடியிருப்பை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள். மண்டூரில் அவளுக்கென்று இருந்த வீட்டை, மலையில் இருப்பவளுக்கு இங்கே எதற்கு என்று, அவள் தங்கைக்குக் கொடுத்து வருசம் பலவாகியிருந்தது. வீடு பெண்ணோடு போகிற ஊரில் வீடில்லாத பெண் எங்கே போவாள்? தம்பியிடம் வந்தாள். தம்பிக்கே அங்கு வீடில்லை என்பதை அவள் யோசித்தாளோ, யோசிக்காமல் விட்டாளோ.

ஒரு தகரப் பெட்டியும் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு செடியும்தான் அவள் கொண்டுவந்தது. சாக்கைப் பிரித்தபோது அம்மா சிரித்தேவிட்டாள்.

"என்ன மச்சாள், அவ்வளவு தூரத்தில இருந்து அன்னாசிக் கன்றா கொண்டு வந்தீங்க? இஞ்ச இல்லாத அன்னாசியா?"

பார்க்க அன்னாசி மாதிரிதான். ஓரமெல்லாம் முள். ஆனால் இலை அகலம். பச்சையின் மேல் குறுக்குக் குறுக்காகச் சாம்பல் பூசியது போன்ற வெள்ளைப் பட்டை. இலைகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி நடுவில் குவளையாக நிற்கும். அம்மா மண்வெட்டியை எடுக்கச் சொன்னாள். மாமி பதறிப்போய்த் தடுத்தாள்.

"மண்ணில வச்சா அழுகிப் போயிரும் மச்சாள். இது மரத்தில இருக்கிற சாதி. வேர் பிடிச்சுக்கொள்ள மட்டுந்தான். தண்ணி குடிக்கிறது இந்தக் குவளையால."

அப்படியே கிணற்றடி மாமரத்தில், ஆள் உயரத்தில் இருந்த கிளைக் கவட்டில், தும்புக் கயிறும் பழைய சேலைக் கிழிசலுமாக அதைக் கட்டிவிட்டாள். காலை வெயில் இலைக்குள்ளால் விழ வேண்டும், மத்தியான வெயில் படக்கூடாது. எங்கள் கிணறு கோடையில் உப்புச் சவர் தட்டும். அதனால் கூரைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து அதைத்தான் ஊற்றுவாள். நாலு நாளைக்கு ஒருமுறை குவளையைச் சரித்துப் பழைய தண்ணீரைக் கொட்டி, புதிதாக நிரப்புவாள். நான் ஆசைப்பட்டு அம்மாவின் செம்பில் தண்ணீர் கொண்டுபோனபோது கையைப் பிடித்துவிட்டாள். "செம்பு இதுக்கு ஆகா மனே. அந்த அலுமினியச் சாடிய எடுத்து வா." ஆணோ பெண்ணோ, எங்கள் வீட்டில் பிள்ளை என்றால் மனேதான். நெல் மூட்டை அடுக்கும் அறையில் பாயை விரித்துப் படுத்தாள். செத்துப்போன புருசனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு முற்றம் கூட்டினாள். மூக்கால் சிரிப்பாள். எனக்கு அவளை நிரம்பப் பிடித்திருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அம்மாவைவிடப் பிடித்திருந்தது.

செடிக்கு நாங்கள் மரத்தன்னாசி என்று பெயர் வைத்தோம். இப்போது பூங்கன்று விற்கிற கடைகளில் புரொமிலியாட் என்று அட்டை எழுதிக் குத்தி வைத்திருக்கிறார்கள். அப்போது ஊரில் யாரும் கண்டதில்லை.

ஐப்பசியில் அம்மா உன்னிச்சைக்குப் போனாள். அங்கே குளத்துக்குக் கீழே அம்மாவுக்கும் அவள் அண்ணனுக்கும் சேர்ந்து வயல் இருந்தது. விதைப்புக்கு அவள் போய் நின்றே ஆக வேண்டும். போகும்போது அப்பாவுக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போனாள். மழைக்கு முன் புதுக் கக்கூசுக்குக் குழி வெட்ட வேண்டும். வேலி மூலையில்தான் வெட்ட வேண்டும், மாமரத்துப் பக்கம் போகக்கூடாது என்று இரண்டு முறை சொன்னாள்.

வேலி மூலையில் மூன்று முழம் வெட்டியதும் தண்ணீர் ஊறிவிட்டது. வாவி பக்கத்தில் இருக்கிற நிலம், வேறென்ன ஆகும்? அப்பா கொஞ்சம் தள்ளினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவர் குழிக்குள் கோடரியோடு நின்றார். குழியின் பக்கச் சுவரில் என் தொடை மொத்தத்துக்கு மாமரத்து வேர் ஒன்று, வெட்டுவாயில் வெள்ளையாகத் தெரிந்தது. பிசின் வாசம் மூக்கில் அடித்தது. அப்பா என்னைப் பார்த்ததும் கோடரியை முதுகுக்குப் பின்னால் வைத்தார். அவ்வளவு பெரிய மனிதர், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒளித்தார்.

"அம்மாட்டச் சொல்லாத மனே" என்றார். அன்று பின்னேரம் கடைக்குப் போய் ஒரு பை தோடம்பழ இனிப்பு வாங்கிவந்து என் கையில் வைத்தார். நானும் வாங்கினேன். ஒவ்வொன்றாக, கடிக்காமல், கரையும்வரை வாயில் வைத்திருந்தேன்.

அம்மா வருமுன் குழிமேல் கக்கூசு எழும்பிவிட்டது; மூலையில் தண்ணீர் ஊறியதால் கொஞ்சம் தள்ளியதாக மட்டும் அப்பா அவளிடம் சொன்னார். மாரி கழிந்தது. தைப் பொங்கலுக்குப் பிறகு மரம் பூக்கத் தொடங்கியது. கிணற்றுப் பக்கத்துக் கிளைகள் மட்டும் பூக்கவில்லை. இலை மஞ்சளாகி, ஓரம் கருகி, நுனிக் கொப்புகள் காய்ந்தன. அந்தப் பக்கத்துக் கவட்டில்தான் மரத்தன்னாசி இருந்தது. அது என்னவோ கொழுகொழுவென்று இருந்தது.

அம்மா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சாணம் வைத்தாள், சாம்பல் போட்டாள். அந்தக் கிழமைதான் பள்ளியில் எங்களுக்கு ஒட்டுண்ணித் தாவரங்கள் படிப்பித்தார்கள். குருவிச்சையைப் படமாக வரைந்து, மரத்தில் ஏறி இருந்து மரத்தை உறிஞ்சும் என்று ரீச்சர் சொன்னா. வகுப்பில் கெட்டிக்காரி என்ற எண்ணம் எனக்கு. வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக்கூட வைக்காமல் அம்மாவிடம் போனேன்.

"அம்மா, மரத்தில ஒட்டி இருக்கிறது மரத்திட சாறக் குடிச்சிரும். மரம் செத்துப் போகும். ரீச்சர் சொன்னா."

சொல்லும்போது எனக்கு மரத்தன்னாசி நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை. அம்மாவின் முகம் கிணற்றடிப் பக்கம் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐயோ என்று வாயைப் பொத்தினேன். சொல்லியாகிவிட்டதே.

"குருவிச்சையா!" என்று அம்மா கத்தினாள். "குருவிச்சையக் கொண்டந்து என்ட மரத்தில கட்டி இருக்கிறாவா?"

மாமி ஓடி வந்தாள். செடியின் அடியில் கையை விட்டு வேரைக் காட்டினாள். பட்டைக்கு மேலேதான் பற்றியிருக்கிறது, உள்ளே ஒரு நூல்கூட இறங்கவில்லை என்று காட்டினாள். "இது ஒண்டும் எடுக்காது மச்சாள். மழையையும் காத்தில வாற தூசியையும் குடிச்சுச் சீவிக்கிற சாதி. இருக்கிறதுக்கு ஒரு இடம் மட்டுந்தான் இதுக்கு வேணும்."

அம்மா செடியைப் பார்த்துத்தான் சொன்னாள்: "வந்து நாலு மாசம். ஒரு பூ உண்டா? சித்திரைக்குள்ள பூக்கட்டும். இல்லாட்டி இத அவிழ்த்துக்கிட்டு மண்டூருக்குப் போயிருங்க."

செடியைப் பற்றியா பேசுகிறாள், மாமியைப் பற்றியா? ஒன்பது வயதில் எனக்கே விளங்கியது. மாமிக்கு விளங்காதா? தங்கை வீட்டில் எட்டுப் பிள்ளைகள். மாமிக்குப் பாய் போட இடமில்லாமல்தான் அவள் எங்களிடம் வந்ததே. அப்பா அடுத்த அறையில் இருந்தார். வெளியே வரவில்லை.

அடுத்த நாளே மாமி ஒரு வேலை செய்தாள். வாழைக்குலை பழுக்கக் குழியில் புகை போடுவோமே, அதே புகை. செடியின் குவளைத் தண்ணீரை முழுக்கச் சரித்தாள். நன்றாகக் கனிந்த நாலு கோழிக்கூட்டு வாழைப்பழத்தை இலைகளுக்கு இடையில் செருகினாள். சாக்கால் கூடாரம் மாதிரி மூடி, ஒரு சட்டியில் தேங்காய் மட்டைப் பொச்சு மூட்டி அடியில் பிடித்தாள். சூடு படக்கூடாது, புகை மட்டும் போக வேண்டும். ஒரு கிழமை, ஏழு நாளும் இரண்டு முறை. "பழுக்க வைக்கிற புகை பூக்கவும் வைக்கும் மனே. மாமா தோட்டத்தில இப்பிடித்தான் செய்வார். எட்டுக் கிழமை, கூடினாப் பத்து."

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "என்னகா இது, மரத்துக்குப் புகை போட்டு என்னமோ ஓதுறா? ஆரும் செய்வினை கிய்வினை..." என்றாள். மாமி ஓதவில்லை. இருமினாள். பொச்சுப் புகையில் இருமாமல் என்ன செய்வது? அன்றிலிருந்து அம்மா, மாமி சமைத்த கறியைத் தொடவில்லை.

நான் தினமும் குவளைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு குட்டித் தவளையும் இரண்டு எறும்பும். கிழமைகள் போயின. சொல்லிவிட வேண்டும், வேரை அப்பாதான் வெட்டினார் என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்குள் கிடந்து அடித்தது. சாப்பிட உட்கார்ந்தால் எழும்பினேன். எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. அம்மாவுக்குப் பின்னாலேயே குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்தேன். "என்ன, காலச் சுத்துறாய்? சொல்லன்" என்று அவள் திரும்புவாள். வாசலில் அப்பா நிற்பார். சும்மா பார்ப்பார். நான் "ஒண்டுமில்ல" என்பேன்.

பங்குனியில் அறுவடை நெல்லோடு அம்மாவின் அண்ணன் உன்னிச்சையிலிருந்து வந்தார். நெல் இறக்க அறையைத் திறந்தால் அங்கே மாமியின் பாய். பிறகு கிணற்றடிக்குப் போய், தன் தகப்பன் வைத்த மரத்தைப் பார்த்தார். பாதி மரம் மொட்டையாக நின்றது. அவர் ஒரு பேச்சுக்காரர் இல்லை. "ஒட்டினதக் கழட்டு" என்றார். அவ்வளவுதான்.

அம்மா மாமியைப் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அடுத்த நாள் காலையில் மாமி தகரப் பெட்டியைக் கட்டினாள். செடியை அவிழ்க்கவில்லை. "புகை போட்டது, அசைச்சா எல்லாம் வீண். சித்திரை வரைக்கும் கிடக்கட்டும் மச்சாள்" என்று மட்டும் கேட்டாள். அம்மா தலையாட்டினாள்.

அப்பாவும் நானும் குருமண்வெளித் துறைவரை போனோம். வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகிற படகுப்பாதை, ஆட்களை ஏற்றுகிற தட்டை மிதவை, அக்கரையில் நின்றது. அப்பா பெட்டியை இறக்கிவிட்டு, வெற்றிலை வாங்குகிறேன் என்று கடைப்பக்கம் போய்விட்டார். மாமி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லத் தொடங்கினாள். குவளையில் தண்ணீர் வற்ற விடாதே. மழைத்தண்ணீர்தான். பூத்தால் பல மாதம் நிற்கும், ஆனால் பூத்த தாய் மெல்ல மெல்லச் செத்துப்போகும், அதற்காக அழாதே. அடியில் குட்டி வரும். குட்டி தாயில் பாதி வளரும்வரை பிரிக்காதே. பிரித்தால் வேறொரு மரத்தில் கட்டு, மண்ணில் மட்டும் வைத்துவிடாதே.

எனக்கு அழுகை முட்டியது. "மாமி, நான்தான் ரீச்சர் சொன்னதைச் சொல்லி..." என்று தொடங்கினேன். மற்றதையும் சொல்ல வாயெடுத்தேன்.

மாமி கடைப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"வேரை நானும் கண்டன் மனே. குழிக்குள்ள நிண்ட தம்பிக்குத் தேத்தண்ணி கொண்டு போகக்குள்ள கண்டன். நீ சொல்லிராத. நான் போனா மண்டூருக்குப் போவன். உன்ட அப்பா எங்க போவார்?"

படகுப்பாதை வந்தது. அவள் ஏறினாள். அப்பா வெற்றிலையோடு வந்தபோது அது நடுவாவியில் போய்க்கொண்டிருந்தது.

ஒன்பது நாள் கழித்து அம்மா கத்தியோடு கிணற்றடிக்குப் போனாள். சித்திரை வரவில்லையே என்று நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவள் சேலைக் கிழிசலை அறுக்கக் கத்தியை வைத்தவள் அப்படியே நின்றாள். குவளையின் அடியில், தண்ணீருக்குள், ரோஸ் நிறத்தில் ஒரு முனை. அம்மா கத்தியை இறக்கினாள். சித்திரை பிறந்தபோது அது முள்ளு முள்ளாக ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. இடுக்கெல்லாம் நீலமாகச் சின்னச் சின்னப் பூ. செய்வினை என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரி ஆட்களைக் கூட்டி வந்து காட்டினாள். அம்மா அப்பாவிடம், "பூத்திருக்கு எண்டு மச்சாளுக்குச் சொல்லிவிடுங்க" என்றாள். வரச் சொல்லுங்கள் என்பதை அம்மாவால் அப்படித்தான் சொல்ல முடியும். அப்பா போய்விட்டு வந்தார். மாமி "நல்லம்" என்றாளாம். வரவில்லை. ஐந்து வருசம் தங்கை வீட்டுப் பின்விறாந்தையில் கிடந்து, ஒரு மாரியில் காய்ச்சலில் செத்துப்போனாள்.

அதற்கு அடுத்த வருசம் அந்தச் சூறாவளி வந்தது. எங்கள் ஊர்க்காரருக்கு அதை விளக்கத் தேவையில்லை. விடிந்து கதவைத் திறந்தால் மாமரம் வேரோடு புரண்டு கிடந்தது. கிணற்றுப் பக்கத்து வேர்க்கட்டை ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. சரிவாக விழுந்த கோடரி வெட்டு. இத்தனை வருசத்துக்குப் பிறகும் யாரும் பார்த்ததும் சொல்லிவிடலாம். அம்மா நெடுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு கக்கூசைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"ஆர் வெட்டினது?"

அப்பா வாவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா என்னைக் கேட்டாள். எனக்குப் பதினைந்து வயது. தெரியாது என்று தலையாட்டினேன். பிடிக்கிற இடமில்லாமல் நின்ற மரத்தைக் காற்று தள்ளிவிட்டது, அந்த மரத்தைக் கொன்றதாகத்தான் மாமி கெட்ட பெயர் வாங்கினாள். விழுந்த கவட்டில் மரத்தன்னாசியின் குட்டிகள் மூன்று, குவளை நிறைய மழைத்தண்ணீரோடு, ஒன்றும் நடக்காதது போல இருந்தன. அம்மா தன் கையாலேயே அவற்றைப் பிரித்துக் கிணற்றுத் தூணில் கட்டினாள். அன்று அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை.

அந்தக் குட்டிகளின் குட்டிகள், அவற்றின் குட்டிகள் என்று இன்றுவரை வந்துவிட்டது. ஊரை விட்டு ஓடிய நாட்களில் சீலைப் பையில் ஒன்றையாவது போட்டுக்கொண்டுதான் ஓடினேன். இப்போது என் மகளுக்குக் கொடுத்த வீட்டு முற்றத்து அம்பரலா மரத்தில் ஏழு இருக்கின்றன.

இனி நேற்று நடந்தது. பேத்திக்கு டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து, போன கிழமைதான் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் ஒன்பது வயது. சுகாதாரப் பகுதியிலிருந்து, நுளம்புப் புழு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள். மரத்தில் தண்ணீர் நிற்கிற செடியைக் கண்டதும் அவர்களில் ஓர் இளம்பெண் நின்றுவிட்டாள்.

மருமகன் முந்திக்கொண்டார். "நான் எத்தின தரம் சொன்னன் தங்கச்சி. எல்லாம் இந்த மாமிட செடியாலதான்."

மாமி. அந்தச் சொல் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொரு குவளைக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்தாள். சுத்தமான தண்ணீர். நாலு நாளைக்கு ஒருமுறை சரிக்கிறவள் நான். "புழு இல்ல. எண்டாலும் கழட்டுறது நல்லம் அம்மா" என்று எழுதிக்கொண்டு வாசல் படலையடிக்குப் போனார்கள்.

குசினிக்குப் பின்னால் மருமகனின் ஓட்டோ டயர் நாலு கிடக்கிறது, கிழிந்த தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே. அவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. மருமகனும் காட்டவில்லை. எனக்கு நாக்கில் அந்தத் தோடம்பழ இனிப்பு ஊறியது. அறுபது தாண்டிய நாக்கில் அப்படியே ஊறியது. அந்தப் பிள்ளை படலையைத் திறந்துவிட்டாள்.

"தங்கச்சி, நில்லுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலும் எட்டிப் பார்த்தார்கள். "குசினிக்குப் பின்னால வந்து பாருங்க."

பார்த்தார்கள். படங்கைத் தூக்கினார்கள். டயருக்குள் புழு நெளிந்தது. வழக்கு வரும் என்று சொல்லி மருமகனின் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு மகள் வந்து, "இனி அவர்ட முகத்தில எப்பிடி முழிப்பீங்க? இந்த வீட்டிலதான இருக்கப் போறீங்க?" என்றாள். வீடு அவளுடையது, நான் எழுதிக் கொடுத்தது. போவதற்கு எனக்கு மண்டூரும் இல்லை.

எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருசத்துக்குப் பிறகாவது வாயைத் திறந்தேனே என்று. பின்னேரம் பேத்தி மெலிந்த காலோடு மெல்ல நடந்து வந்து, நான் குவளைகளைச் சரிக்கும்போது அலுமினியச் சாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மம்மா, டயருக்குள்ள புழு கிடக்குது எண்டு உங்களுக்கு முதலே தெரியுமா?"

அவளுக்குக் காய்ச்சல் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே, விறகு எடுக்கப் போனபோது கண்டேன். மருமகனின் முகத்தை நினைத்துக்கொண்டு, படங்கைத் திரும்ப இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

"ஓம் மனே, தெரியும்" என்றேன்.

அவள் சாடியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.